கல்லுக்கும் ஸனது உண்டு

ஹதீஸ் கலையைக் கற்கப் புகும் மாணவனுக்கு ஆசிரியர் முதலில் சொல்லித் தரும் சொற்கள் இரண்டு. ஒன்று மத்னு, மற்றொன்று ஸனது. சொல்லப்பட்ட செய்தி மத்னு. அச்செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்து, அவரிடமிருந்து வேறு யாரை அடைந்தது என்று காட்டும் அறிவிப்பாளர் தொடர் ஸனது. செய்தி எத்துணை அழகுடையதாயினும், தொடர் அறுந்திருப்பின் அதனைச் சான்றாகக் கொள்ள அறிஞர் தயங்குவர். முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அதே பாடத்தை மண்ணிலும் கல்லிலும் படிக்கும் வாய்ப்பு சென்ற தை மாதத்தில் எனக்குக் கிட்டியது. அதனை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ரியாத் நகரில் பணியாற்றும் என் தமக்கை மகன் விடுப்பில் வந்திருந்தான். மர்ஹூம் மச்சான் ஓட்டிய பழைய புல்லட் ஒன்று அவர்கள் வீட்டில் இருக்கிறது. சென்னைத் திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கி உருவான வண்டிகளின் வழித்தோன்றல். அதனைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்த மருமகன், “மாமா, ஒரு நாள் எங்கேயாவது போயிட்டு வரலாமா? நீங்க இடத்தைச் சொல்லுங்க, நான் ஓட்டுறேன்” என்றான். நீண்ட நாள் அவாவொன்று என் உள்ளத்தில் இருந்தது. திருச்சிக்கு வடகிழக்கே, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கடல்வாழ் உயிர்கள் கல்லாகிக் கிடக்கின்றன என்று படித்திருந்தேனேயன்றிக் கண்ணால் கண்டதில்லை. அவ்விடங்களைச் சொன்னேன். ஸுப்ஹு தொழுகை முடிந்ததும், தொப்பியைச் சட்டைப்பையில் வைத்துத் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு, ஐம்பத்தாறு வயதில் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தேன்.

கொள்ளிடப் பாலத்தைக் கடக்கையில் கீழ்வானம் வெளுத்தது. நெடுஞ்சாலையில் சமயபுரம், சிறுகனூர் ஆகியவற்றைத் தாண்டிப் பாடாலூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே சிறு சாலையில் திரும்பினோம். பேருந்தில் செல்வோன் காட்சியைச் சாளரத்தின் வழியே பார்க்கிறான். மோட்டார் சைக்கிளில் செல்வோனோ அதனை மூக்காலும் தோலாலும் அறிகிறான். பனி நனைத்த மக்காச்சோளத் தட்டையின் மணம், வயலோரம் உரித்துக் குவித்த சின்ன வெங்காயத்தின் நெடி, வெடித்த பருத்திக் காட்டின் குளிர்ச்சி எனப் பெரம்பலூர் மண்ணின் மூன்று பயிர்களும் அடுத்தடுத்து எங்களை எதிர்கொண்டன. மின்கம்பியில் பனங்காடை அமர்ந்திருந்தது. வரப்பில் மயிலொன்று எங்களைப் பொருட்படுத்தாது நடந்தது.

காரை என்னும் சிற்றூரைக் கடந்ததும் நிலம் திடீரென நிறம் மாறிற்று. செந்நிறமும் சாம்பல் நிறமும் கலந்த களிமண் மேடுகள். மழைநீர் அறுத்த நூற்றுக்கணக்கான ஓடைகள் அவற்றைப் பிளந்து, சுருக்கம் விழுந்த முதியவரின் முகம்போல் ஆக்கியிருந்தன. புல்லும் அரிதாகவே முளைக்கும் அவ்வெளியில் இளவெயில் பட்டு ஆங்காங்கே கண்ணாடித் துண்டுகள்போல் மின்னியவை ஜிப்சப் படலங்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம்.

நாங்கள் நின்ற அவ்விடம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியாக இருந்தது. தென்கண்டங்கள் ஒன்றாய் இணைந்திருந்த நிலைமாறி, இந்திய நிலம் அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றினின்று பிரிந்தபோது, அதன் கிழக்கு விளிம்பில் தரை தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அது முன்னேறியும் பின்வாங்கியும் சேறு, மணல், சுண்ணாம்பு என்று மாறி மாறிப் படிய வைத்தது. அச்சேற்றில் புதையுண்ட உயிர்களின் ஓடுகளே இன்று மழைக்குப் பின் மேலே தலைகாட்டுகின்றன. எழுதுகோலின் முனைபோல் கூரிய உருளைக் கற்களைக் கண்டோம். அவை கணவாய் மீனின் இனத்தைச் சேர்ந்த பெலம்னைட் என்னும் உயிரின் உடலுக்குள் இருந்த தண்டுகள். கடற்புழுக்கள் தமக்கெனக் கட்டிய சுண்ணாம்புக் குழல்களும் கிடந்தன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களைக் கண்டு அருகே வந்தார். “என்ன பாய், நத்தைக் கல்லு பொறுக்க வந்தீங்களா?” என்று கேட்டார். பார்க்க வந்தோம் என்றேன். “பாக்குறவங்க கொஞ்சம், அள்ளுறவங்கதான் அதிகம். கார்ல வருவாங்க, பையில போட்டுக்குவாங்க, போயிடுவாங்க. ஒவ்வொரு மழைக்கும் புதுசு வருது, அதையும் அள்ளிடுறாங்க” என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னே சென்றார்.

அவர் சென்ற சிறிது நேரத்தில் மருமகன் ஓடைச் சரிவிலிருந்து கூவினான். சென்று பார்த்தேன். களிமண்ணிலிருந்து பாதி வெளிப்பட்ட நிலையில், உள்ளங்கை அகலத்தில், சுருள் வடிவான அம்மோனைட் ஒன்று. ஆட்டுக்கடாவின் முறுக்கிய கொம்பை நினைவூட்டும் அமைப்பு. இவ்வுயிரின் ஓடு பல அறைகளாகப் பிரிக்கப்பட்டது. உயிர் குடியிருப்பது வெளிப்புறத்துக் கடைசி அறையில்; பின்னுள்ள அறைகளில் காற்றும் நீரும் உண்டு. அவற்றின் அளவைக் கொண்டு அது நீரில் மிதந்து நின்றது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பேருருக்கொண்ட டைனோசர்களுடன் இவ்வினம் முழுவதும் உலகினின்று மறைந்தது. நம் நாட்டு வைணவர் பூசையில் வைக்கும் சாளக்கிராமக் கல்லும், இமயத்துக் கண்டகி ஆற்றுப் பக்கம் கிடைக்கும் இவ்வினத்துக் கல்லேயாம்.

மருமகன் அதனை எடுக்கக் கை நீட்டினான். “என் மகனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும் மாமா. ரொம்ப சந்தோஷப்படுவான்.”

“ரியாத்திலிருந்து கொண்டுவந்தாயே ஒரு கல், அது எங்கே?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். ரியாதுக்கு மேற்கே ஜபல் துவைக் என்னும் நெடிய சுண்ணாம்புச் செங்குத்து இருக்கிறது. அதுவும் அம்மோனைட் வாழ்ந்த பழங்கடலின் படிவே. காரையின் கடலினும் மூத்த ஜுராசிக் காலத்தது. நண்பர்களுடன் பாலைவனத்தைச் சுற்றியபோது எடுத்த சங்குக் கல்லொன்று அவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் கிண்ணங்களுக்கிடையே இருக்கிறது. “எந்த மலையில, எந்த இடத்துல எடுத்தேன்னு இப்ப எனக்கே நினைவில்லை” என்றான்.

அங்கேயே ஒரு மேட்டில் அமர்ந்து, மதரஸாவின் முதற்பாடத்தை அவனுக்குச் சொன்னேன். அலமாரியில் இருப்பது மத்னு மட்டும். அது எந்த அடுக்கில் கிடந்தது, அதன் மேலும் கீழும் எவை இருந்தன, உடன் கிடந்த உயிர்கள் யாவை என்ற ஸனது அறுந்துவிட்டது. அதனைக் கொண்டு எந்த அறிஞரும் எதனையும் நிறுவ இயலாது. களிமண்ணில் பாதி புதைந்திருக்கும் இந்தக் கல்லுக்கோ ஸனது அறாமல் இருக்கிறது. தன் கீழுள்ள படிவிலிருந்து செய்தியை வாங்கி, மேலுள்ள படிவுக்குக் கொடுத்து நிற்கிறது.

அவன் எளிதில் விடவில்லை. “நான் எடுக்கலைன்னா அடுத்த மழையில இது கரைஞ்சு போகும். இல்லாட்டி அடுத்த கார்ல வர்றவன் எடுப்பான். அதுக்கும் மேல, இந்தப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கத்துல ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் சிப்பியை அரைச்சு சிமெண்ட் ஆக்குறாங்க? நான் ஒண்ணு எடுத்தா என்ன மாமா?”

அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் அக்கடலின் ஓடுகளால் ஆனது. கல்லங்குறிச்சிப் பகுதியில் சிப்பி மேல் சிப்பியாக அடுக்கி வைத்தாற்போன்ற படிவுகள் உள்ளன. கல்லக்குடியில் 1939ஆம் ஆண்டிலும், அரியலூரில் அரசு ஆலையாக 1979ஆம் ஆண்டிலும் தொடங்கிப் பல சிமெண்டு ஆலைகள் அக்கல்லை நம்பி எழுந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு. நம் வீட்டுச் சுவரிலும் பள்ளிவாசல் மினாராவிலும் அச்சிப்பிகள் பொடியாகி நிற்கின்றன. ஆகவே கல்லையே தொடக்கூடாது என்று யாரும் சொல்ல இயலாது. ஆயின் சுரங்கம் வெட்டும் இடத்திலும், வெட்டுமுன் படிவைப் பார்த்துக் குறித்துக்கொள்வோர் உண்டேல் செய்தி எஞ்சும். பையில் போட்டுச் செல்வோன் கல்லையும் கொண்டுபோகிறான், செய்தியையும் அழிக்கிறான். அவன் வீட்டில் அது ஓர் அழகுப் பொருளாகக்கூட நெடுநாள் நிற்பதில்லை.

அவன் முழுவதும் ஏற்றுக்கொண்டானா என்பது வேறு. கையை எடுத்துக்கொண்டான். கல்லின் அருகே ஒரு நாணயத்தை அளவுக்காக வைத்துக் கைப்பேசியில் படமெடுத்தான். இருப்பிடத்தின் எண்களையும் அதிலேயே பார்த்துச் சொன்னான். சரிவின் எந்தப் பக்கம், எந்த நிற மண், மேலிருந்து எத்தனை முழம் என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நிற்க. இவ்வட்டாரக் கற்களின் ஸனது எவ்வாறு தொடங்கியது என்பதும் அறியத்தக்கதே. 1840களில் கே, கன்லிஃப் ஆகிய ஆங்கிலேயர் இருவர் இங்குக் கிடைத்த சங்குகளையும் சிப்பிகளையும் இடம் குறித்துச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்பஸ் என்பார் 1846ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு ஊர் ஊராகச் சுற்றி, எந்த அடுக்கு கீழ், எந்த அடுக்கு மேல் என்று பிரித்து வரைந்தார். அவரது நூல் 1862இல் வெளியாயிற்று. அவ்வுயிர்களை ஒவ்வொன்றாக விளக்கிப் பெரும் தொகுதிகளாக எழுதி 1873இல் நிறைவு செய்தவர், மொராவியா நாட்டில் பிறந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. இவர்கள் வைத்த முறையின் பயனாக, ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு என்னும் நம் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் பாறை அடுக்குகளின் பெயர்களாக நிலைத்துவிட்டன.

எனினும் இத்தொடரின் முதற்கண்ணி ஐரோப்பாவில் இல்லை. ஹிஜ்ரி 416, அதாவது 1025ஆம் ஆண்டில், அல்பீரூனி அரபு மொழியில் ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாக்கின்’ என்னும் நூலை முடித்தார். கஸ்னா நகரின் இருப்பிடத்தையும், அங்கிருந்து கிப்லாவின் திசையையும் கணக்கிடுவதே அந்நூலின் நோக்கம். ஊர்களின் இருப்பிடத்தைப் பேசப் புகுந்தவர், நிலமும் கடலும் இடம் மாறியமையையும் பேசுகிறார். அரபுப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது அவர் துணிபு. அதற்கு அவர் காட்டும் சான்று, கிணறு வெட்டுகையில் அடுக்கடுக்காக வெளிப்படும் மண்ணும் மணலும் கூழாங்கல்லும், உடைத்தால் உள்ளே சங்கும் சோழியும் தோன்றும் கற்களும் ஆகும். ஓடு மக்கிப்போய் அதன் வடிவம் மட்டும் பள்ளமாக நிற்கும் கற்களையும் அவர் கவனித்திருக்கிறார். அவர் காலத்தவரான இப்னு சீனாவும் ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் உயிர்கள் கல்லாவதைப் பற்றி எழுதினார். மதரஸாவில் இவ்விருவரின் பெயர்களை மரியாதையுடன் உச்சரிக்கிறோம். அவர்கள் எதை எப்படிப் பார்த்தார்கள் என்று காட்டப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வது அரிது.

காரையிலிருந்து கொளக்காநத்தம் வழியாகச் சாத்தனூர் சென்றோம். அங்கே வேலியிட்ட சிறு பூங்காவினுள், 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை உலகுக்கு அறிவித்தார். ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்த அது, நீரால் அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்தது. மரத்தின் நுண்ணிய இழைகளில் மணற்சத்து மெல்ல மெல்லப் புகுந்து, மரம் போய்க் கல் நின்றது. அதன் வயது 12 கோடி ஆண்டு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது கிடக்கும் அடுக்கு கிரிட்டேசியக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது; அப்பகுதி தொடங்கியதே சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே மரம் அதற்கு மேற்பட்ட வயதுடையதாதல் அரிது. இவ்வாறு கேள்வி எழுப்பித் திருத்த முடிவது எதனால்? மரம் விழுந்த இடத்திலேயே விட்டு வைக்கப்பட்டிருப்பதனால்.

லுஹரை அரியலூர்ப் பள்ளிவாசலில் தொழுது, உணவருந்திப் புறப்பட்டோம். வழியில் மருமகனுக்குக் கல்லமேட்டுச் செய்தியைச் சொன்னேன். அங்குக் கிடைத்த பேருயிர் ஒன்றின் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் 1980களின் பிற்பகுதியில் விளக்கினர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்றனர். உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியது அதுவாகலாம் என்று சிலர் கருதினர். எலும்பே அன்று, கல்மரமாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றனர். ஐயத்தைத் தீர்க்க எலும்பைத்தான் பார்க்க வேண்டும். அந்தோ, அவை சிதைந்து உதிர்ந்துபோயின என்ற செய்தி 2017இல் வெளியாயிற்று. இடமும் அடுக்கும் எழுத்தில் நிற்கின்றன, பொருள் இல்லை. அவன் வீட்டு அலமாரிக் கல்லுக்கு நேர்மாறான நிலை இது. இரண்டும் சேர்ந்து காக்கப்பட்டாலன்றி அறிவு நிலைபெறாது.

காக்கத் தவறினால் வதந்தி அவ்விடத்தை நிரப்பும். 2020 அக்டோபரில் குன்னத்தில் மண் வெட்டியபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெங்கும் பேச்சு பரவிற்று. அறிஞர் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, கடற்படிவின் உருண்டைகளே என்று தெளிவித்தனர். அவை தோண்டிய இடத்திலேயே இருந்ததால் அன்றோ வந்து பார்க்க முடிந்தது!

வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில், எங்கள் குறிப்பின் படியொன்றை அங்கிருந்த பணியாளரிடம் கொடுத்தோம். மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டார். ஊர்ப்பெயர் எழுதிய சீட்டுகளுடன் வரிசையாக வைக்கப்பட்டிருந்த கற்களை மருமகன் வெகுநேரம் பார்த்து நின்றான்.

மாலை நான்கு மணியளவில் கரைவெட்டி ஏரியை அடைந்தோம். 454 எக்டேர் பரப்புள்ள இவ்வேரி மேட்டூரிலிருந்து வரும் புள்ளம்பாடி வாய்க்கால் நீரால் நிரம்புவது. 1999இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. கரையில் வண்டியை அணைத்ததும் அதுவரை கேளாத ஒலிகளெல்லாம் கேட்டன. நாமக்கோழிகள் நீரைக் கீறிச் சென்றன. கூழைக்கடா பாய்மரக்கலம்போல் மிதந்தது. நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் நின்று நத்தைகளைத் தேடின. அலகின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் நடுவில் ஒட்டாது, பாக்குவெட்டிபோல் இடைவெளி விட்டிருக்கும் அப்பறவை, ஓட்டினுள் இருக்கும் நத்தையை நொடியில் வெளியே எடுத்துவிடுகிறது. காலையில் சேற்றில் புதைந்து கல்லான ஓடுகளைக் கண்டோம். மாலையில் அதே போன்ற சேற்றில் ஓடுகள் இன்றும் வீழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டோம்.

ஏரியின் நடுத்திட்டில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. வெண்மையான தலையில் இரு கருங்கோடுகள். லடாக், திபெத், மங்கோலியா முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து இத்தென்னாட்டு ஏரிக்கு வருபவை. அவற்றைக் கண்டபோது ஸ்டோலிச்காவின் நினைவு வந்தது. அரியலூர்ச் சங்குகளைப் பற்றி எழுதி முடித்த மறு ஆண்டே, 1874இல், யார்க்கந்து சென்று காரகோரம் கணவாயைக் கடந்து திரும்பும் வழியில், லடாக்கின் முர்கோ என்னும் இடத்தில், 36 வயதில் அவர் இறந்தார். இறுதி நாட்களிலும் பறவைகளைப் பற்றிக் குறிப்பெழுதியவர் அவர். லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. அம்மலைகளைத் தாண்டிய பறவை இனம் அவர் ஆராய்ந்த கடலின் மேட்டில் வந்து இளைப்பாறுகிறது.

“இதுக்கெல்லாம் யாரு மாமா வழி சொல்லிக் கொடுத்தது?” என்று மருமகன் கேட்டான். இளம் வாத்துகள் மூத்தவற்றுடன் பறந்தே வழியைக் கற்கின்றன என்றேன். “அப்ப இதுவும் ஸனதுதான்” என்றான் அவன்.

அன்பர்களே! விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கும் திரையரங்குக்கும் அழைத்துச் செல்வதோடு, ஒரு நாள் இவ்விடங்களுக்கும் அழைத்துச் செல்லுங்கள். கையில் பை வேண்டாம். குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கல் கண்டால் இடத்தை எழுதுங்கள், படம் எடுங்கள், அறிந்தோருக்கு அறிவியுங்கள். நம் முன்னோர் வாய்மொழியாக வந்த ஒரு செய்தியைக் காக்க ஒட்டகத்தில் ஏறி ஊர் ஊராக அலைந்து அறிவிப்பாளரைத் தேடினர். மண் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் செய்தியும் அமானிதமே. அமானிதத்தை எடுத்துச் சொந்தமாக்கிக்கொள்வோர்க்கு அது உரியதாவதில்லை. பார்த்து, காத்து, அடுத்தவர்க்குச் சேர்ப்பிப்பவரே அதன் தொடரில் இடம் பெறுவர்.